அரைப்புள்ளி

2024 ஒக்ரோபர் 7, திங்கட்கிழமை காலை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இயங்கிவந்த ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குக் கொழும்பிலுள்ள தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்காக அந்த அலுவலகம் நடத்திவந்த இணையச் செயலியை, கொழும்பில் இருக்கும் எவரும் தங்கள் கணினியில் தாங்களே எழுப்பி இயக்கக்கூடியதாக நவம்பர் முடிவதற்குள் ஒழுங்குசெய்து ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

அலுவலகம் என்றால் மாடியில் இரண்டு அறை. கீழே ஒரு பல் வைத்தியரின் கிளினிக். மேலே மூன்று பேர்: முகாமையாளர் ஆனந்தராசா, தினுஷா, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஸாஜித். யன்னலைத் திறந்தால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டும் அதில் எந்நாளும் அசையாமல் நிற்கும் ஓர் இழுவைப் படகும் தெரியும். யன்னலை யாரும் திறப்பதில்லை. ஏசியின் குளிர் போய்விடும் என்று ஆனந்தராசா விடமாட்டார்.

அவர் மின்னஞ்சலை இரண்டு பேருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். கடைசிப் பந்திக்கு வந்ததும் குரல் தணிந்தது. ஒப்படைப்பு முடிந்தபின் ஓர்ஸ் ஹில் அலுவலகம் மூடப்படும். ஆனால் உள்ளூரில் ஒருவர் இல்லாமல் இயக்க முடியாத பகுதி ஏதாவது இருப்பதாகத் தெரியவந்தால், அதற்காக ஒரு பதவியைத் திருகோணமலையில் வைத்திருப்பது பற்றி யோசிக்கலாம். அந்த வசனத்தை மட்டும் இரண்டாந்தரமும் வாசித்துவிட்டுத் தினுஷாவைப் பார்த்தார்.

"விளங்குதுதானே, பிள்ளை?"

"ஓம் சேர்."

விளங்கித்தான் சொன்னாள். ஸாஜித்துக்கு வீட்டிலிருந்தே செய்யும் ஒரு மலேசியக் கம்பனி வேலை தை மாதத்திலிருந்து நிச்சயமாகியிருந்தது. ஆனந்தராசா எப்படியும் அடுத்த வருடம் ஓய்வுபெற இருந்தவர். ஒரு பதவி மிஞ்சினால் அது அவளுக்குத்தான். மிஞ்சாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய கணவன் றிக்சன் துறைமுகத்தில் சீமெந்துக் கப்பல் இறக்கும் ஜெற்றியில் கிரேன் ஓட்டினான். ஒப்பந்த வேலை, கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. தோஹாவில் இருக்கும் அவனுடைய அண்ணன் தன்னுடைய கம்பனியிலேயே கிரேன் வேலைக்கு இடம் இருக்கிறது என்று கலியாணம் முடிந்த நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இருவரும் பல தரம் கதைத்து, கடைசியில் ஒரு மழை நாளில் குசினிக்குள் நின்றபடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தினுஷாவின் சம்பளம் இருக்கும்வரை றிக்சன் போவதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதை வீட்டில் எடுபடவில்லை.

ஆகவே மின்னஞ்சலைக் கேட்டபோது தனக்குப் பயம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. கீழே கிளினிக்கிலிருந்து வருபவர்கள் வாசலில் நின்று ஊசி போட்ட கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை அவள் தினமும் காண்பாள். கன்னம் தங்களுடையதுதான், தட்டுவதும் தெரிகிறது, பட்டது மட்டும் தெரிவதில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. மத்தியானம் சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டாள். பின்னேரம் வேலையைத் தொடங்கினாள்.

வேலை பெரிய வித்தையில்லை. ஓர் இணையச் செயலி ஓடுவதற்கு அதைச் சுற்றிப் பல சாமான்கள் வேண்டும்: பக்கங்களைப் பரிமாறும் நிரல், தரவுத்தளம், அங்கத்தவர் அட்டை அச்சிடும் பகுதி, அவை ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பதிப்புகள். அலுவலக சேர்வரில் இவையெல்லாம் வருடக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. எதை யார் போட்டது, ஏன் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. தொடாதவரை ஓடும். அதை அப்படியே தூக்கிக் கொழும்புக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் கொள்கலனுக்குள் வைத்துக் கட்ட வேண்டும். கொள்கலனுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவிட்டால், எந்த ஊரில் எந்தக் கணினியில் ஓடவிட்டாலும் அதே சூழல் ஒரே கட்டளையில் எழுந்து நிற்கும். எழுதியது இருக்கும். எழுதாதது இருக்காது. கணினிக்காரர் தன் கணினியில் வேறு என்ன வைத்திருக்கிறார் என்பதைக் கொள்கலன் திரும்பியும் பார்க்காது.

இதை அவள் வீட்டில் விளங்கப்படுத்தியபோது றிக்சன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "எங்கட ஹாபருக்குச் சீமெந்தும் கோதுமையும்தான் வருது. கொன்ரெய்னர் கப்பல் ஒண்டை நான் இன்னும் தொடேல்லை. உமக்கெண்டா நாள் முழுக்கக் கொன்ரெய்னர்."

தன்னுடையதற்குப் பாரமில்லை என்றாள் அவள்.

"அப்ப கூலியும் குறைவாத்தான் தருவாங்கள்," என்றான்.

முதல் கிழமையில், தரவுத்தளம் எழும்புமுன் இணையத்தளம் எழும்பி, அதைத் தேடிக் காணாமல் விழுந்தது. பொறுத்திரு என்று ஒரு வரி எழுதினாள். பிறகு கொள்கலனை நிறுத்திவிட்டுத் திரும்ப எழுப்பியபோது பதிவுகள் எல்லாம் காணாமல் போயின. அவற்றுக்கு வெளியே நிலையான ஓர் இடம் ஒதுக்கினாள். ஸாஜித்தின் விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு கோப்பு திறபட மறுத்தது. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது. வேறு காலமாக இருந்தால் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததும் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள். இப்போது திருத்தினாள், அடுத்ததற்குப் போனாள்.

கடைசியாக வந்தது அங்கத்தவர் அட்டை. பெயர், சங்கம், படகு இலக்கம் எல்லாம் போட்டு அச்சுக்குத் தயாரான பக்கமாகச் செயலி அதை ஆக்கித் தரும். அவளுடைய திரையில், இணையப் பக்கத்தில், பெயர்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. கொள்கலனுக்குள் உருவாகி வந்த அட்டையில் மட்டும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் Ngzhl; என்று இருந்தது.

பேணாட் என்று எழுதப்பட்டிருந்த பெயர் அது. பாமினியில் எழுதப்பட்டிருந்தது.

யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன் இந்தப் பக்கத்துக் கந்தோர்களும் சங்கங்களும் பாமினி என்ற எழுத்துருவில்தான் தமிழ் தட்டின. பல இடங்களில் இப்போதும் அப்படித்தான். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் மாட்டுகிற ஒரு வேலை. m அடித்தால் திரையில் 'அ' தெரியும். கணினி சேமித்து வைப்பதோ m ஐத்தான். எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது குப்பை. சங்கங்களின் பழைய அங்கத்தவர் பதிவுகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் தட்டப்பட்டு, அப்படியே செயலிக்குள் ஏற்றப்பட்டவை. தினுஷாவின் கணினியில் பாமினி இருந்தது. அதனால் அவள் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. அலுவலக சேர்வரிலும் யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்தார்கள். கொள்கலனில் இல்லை. யாரும் எழுதவில்லையே.

ஸாஜித் கதிரையோடு உருண்டு வந்து திரையைப் பார்த்தான். சிரித்தான். பிறகு ஆனந்தராசாவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, இத எழுதிராதீங்க."

"எதை?"

"பாமினிய. அந்த மெயில்ல இருக்கிற பகுதி இதுதான். உள்ளூர் ஆள் இல்லாம ஓட்ட ஏலாத பகுதி. பேசாம உட்டுடுங்க. அவங்களே கோல் எடுப்பாங்க."

"எடுத்துக் கேட்டா?"

"அது கொஞ்சம் சிக்கல், நான் இருந்து பாக்கணும் எண்டு சொல்லுங்க. பொய் இல்லயே. சிக்கல்தானே."

எந்த பஸ்ஸில் போனால் இருக்க இடம் கிடைக்கும் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போனான். தினுஷா அட்டைப் பக்கத்தை மூடினாள். அது ஒரு முடிவு என்று அவளுக்குப் படவில்லை. அடுத்த வேலை இருந்தது, அதைத் திறந்தாள், அவ்வளவுதான். அந்தக் கிழமை முடிவில், எழுத்துருவுக்கான வரி இல்லாமல், அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கோப்புகளையும் வழிகாட்டிக் குறிப்பையும் கொழும்புக்கு அனுப்பினாள்.

கொழும்பில் அதை எடுத்துப் பார்த்தவள் செனுரி என்ற பெண். வேலைக்கு வந்து கொஞ்சக் காலம்தான் இருக்கும் என்று அவள் எழுதும் விதத்தில் தெரிந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இரண்டு தரம் நன்றி சொல்வாள். அவளுடைய பதில் நவம்பர் முதற்கிழமையில் வந்தது. ஒரே கட்டளையில் எல்லாம் எழும்பிவிட்டது, இவ்வளவு துப்பரவான ஒப்படைப்பைத் தான் கண்டதில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டியிருந்தாள். ஒரு குறிப்பு மட்டும் கீழே இருந்தது. அங்கத்தவர் பெயர்களில் பல பழுதடைந்திருக்கின்றன. எழுத்துகளுக்கு நடுவே காற்புள்ளிகளும் அரைப்புள்ளிகளும் வருகின்றன. முன்னொரு காலத்தில் யாரோ சேர்வருக்குள் புக முயன்றதின் மிச்சமாக இருக்கலாம், பாதுகாப்புக்கும் அது நல்லதல்ல. இக்குறிகளைக் களைந்துவிட ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன், இணைத்திருக்கிறேன், மாதிரிப் பதிவுகளில் பிழையில்லாமல் ஓடியது. ஒப்படைப்பு முடிந்ததும் நேரடித் தரவுத்தளத்திலும் ஓடவிடுவோம்.

செனுரியில் குற்றம் சொல்ல முடியாது. சிங்களத்திலும் இதே மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இருந்தன. அவளுடைய வயதுக்கு அவை தெரிய நியாயமில்லை.

தினுஷா அந்த நிரலைத் தன்னுடைய கொள்கலனில் இருந்த பிரதியில் ஓடவிட்டாள். ஒரு கணத்தில் முடிந்தது. பிறகு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அடிக்க வேண்டுமென்றால் அரைப்புள்ளியைத்தான் அடிக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் போயிருந்தன. பேணாட், பேணாட ஆகியிருந்தார். குலசிங்கம், குலசிஙகம. றீற்றா, றீறறா. காற்புள்ளிதான் அதில் 'இ' என்பதால் இராசேந்திரம் முதலெழுத்தையும் இழந்து ராசேநதிரம என்று நின்றார். சங்கத்தின் பெயருக்கான கட்டத்தில், இலங்கைத்துறை என்று இருந்த இடத்தில் லஙகைததுறை என்று இருந்தது.

"றீ... ற... றா..." ஸாஜித் அவளுக்குப் பின்னால் நின்று வாசித்துப் பார்த்தான். "மோட்டச்சைக்கிள் ஸ்டார்ட் பண்ற சத்தம் மாதிரி இருக்கு."

சிரிக்கும் இடம்தான். தினுஷாவும் சிரித்தாள் என்று ஸாஜித் நினைத்திருக்கலாம்.

இப்போது இன்னும் நல்லது என்றான் அவன். ஓடவிடட்டும். ஓடவிட்டு, சங்கக்காரர்கள் எல்லாம் கூக்குரல் போட்ட பிறகு அக்காவைத்தான் தேடி வருவார்கள். பழைய பிரதி நம்மிடம் இருக்கிறது. இரண்டு நாள் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டால் போதும். அதற்குப் பிறகு உங்களை யாரும் அசைக்க மாட்டார்கள். அவன் அவளுடைய நன்மைக்குத்தான் சொன்னான், அதில் பிழையில்லை. கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

இலங்கைத்துறைச் சங்கத்தின் செயலாளர் குலசிங்கம் அந்தக் கிழமை வேறொரு அலுவலாக அலைபேசியில் வந்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய அட்டை அச்சுக்குப் போகவில்லையாம். அவர் ஒற்றை விரலால் பாமினி தட்டுபவர். யூனிகோட் விசைப்பலகையை அவருக்குப் பழக்கத் தினுஷா எடுத்த முயற்சிகள் ஒன்றும் பலிக்கவில்லை. அட்டையை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு, பெயரில் புள்ளி இல்லாமல் அட்டை வந்தால் ஏதும் பிரச்சினையா என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"என்ன கதை இது பிள்ளை? எண்ணெய் மானியத்துக்கு அடையாள அட்டையில ஒரு பேர், சங்க அட்டையில ஒரு பேர் எண்டா ஆளையே திருப்பி அனுப்புறாங்கள். புள்ளியில்லாட்டி அது ஆரின்ர பேர்?"

சும்மா கேட்டது என்றாள். அவர் கணவாய் மீன்பாடு இந்த வருடம் பரவாயில்லை என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொல்வது முழுவதையும் அவள் கேட்டாள். அலைபேசியை வைத்தபின் தனக்குக் குற்றமாக இருக்கிறதா என்று பார்த்தாள். கன்னத்தைத் தட்டியதுபோல்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் பூசை முடிந்து வந்ததும் றிக்சன் பின்வாசற்படியில் இருந்து மீன் வெட்டத் தொடங்கினான். தினுஷா வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்: மின்னஞ்சலின் கடைசிப் பந்தி, பாமினி, செனுரியின் நிரல், ஸாஜித் சொன்ன யோசனை. கடைசிப் பந்தியைப் பற்றி அவள் அதுவரை வீட்டில் வாய் திறக்கவில்லை. அலுவலகம் மூடப் போகிறது என்பதே றிக்சனுக்குப் புதிது.

அவன் செதில் கீறுவதை நிறுத்தவில்லை. இரண்டாவது மீனையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் கதைத்தான்.

"அப்ப நான் ஒரு புள்ளியில நிக்கிறன்."

"அப்பிடித்தான் கிடக்கு."

"விடுமன், தினு. அவங்கள் பிழை விட்டா அது அவங்கட பிழை. நீரோ விட்டனீர்?"

அவள் அடுத்ததை எடுத்து உரித்தாள். வெங்காயம் கண்ணைக் கரித்தது. புறங்கையால் துடைத்தாள்.

"எனக்குப் போக விருப்பமில்லை," என்றான் றிக்சன். இதற்கு முன் அவன் இதை இப்படி நேராகச் சொன்னதில்லை. தோஹாவின் வெயிலைப் பற்றியும் அண்ணனுடைய மனைவியின் குணத்தைப் பற்றியும் பகிடி விடுவான், அத்தோடு கதை முடியும். "எனக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம்."

"தெரியும்," என்றாள்.

அவன் மீன் கழுவ எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். அன்று குழம்பு நன்றாக இருந்தது. இருவரும் அதைச் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் அவள் கோப்பைத் திறந்தது வேறொரு சிறு திருத்தத்துக்காக. வழிகாட்டிக் குறிப்பில் ஓர் இலக்கம் பழையதாக இருந்தது. அதை மாற்றிவிட்டுக் கீழே வந்தபோது அட்டை அச்சிடும் கொள்கலனின் வரிகள் கண்ணில் பட்டன. எழுத்துருவுக்கான வரி எங்கே வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடம் அப்படியே இருந்தது.

அதை அப்படியே விட்டுவைப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று அவள் யோசித்தாள். செனுரிக்கு இன்று ஒரு பதில் எழுத வேண்டும், அதில் இதைத் தவிர்க்க வேண்டும். குலசிங்கம் கூப்பிடும்போது தெரியாதவள்போல் கேட்க வேண்டும். கொழும்பிலிருந்து கோல் வரும்போது குரலில் கொஞ்சம் ஆச்சரியம் காட்ட வேண்டும். பிறகு கொஞ்சம் கவலை. இரண்டு நாள் திரையின் முன் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நெடுக இந்தப் பழுதை யாரும் கண்டுபிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பழுதைப் பழுதாகவே காப்பாற்றி வைத்திருக்க ஆளுக்குள் ஓர் ஆசையோ ஒரு பயமோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்குள் இரண்டில் ஒன்றும் அந்நேரம் ஓடவில்லை. எழுதிவிடுவது இலேசாக இருந்தது.

பாமினியில் பல தினுசுகள் உண்டு. சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறும். சேர்வரில் உள்ளது எதுவென்று கேட்க, முன்னர் அலுவலகத்தில் வேலை செய்துவிட்டுத் தொறொன்றோவுக்குப் போன பேணாட்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். அட்டைகளைச் சோதித்துப் பார்க்கத் தன்னுடைய பெயரையே ஓர் அங்கத்தவராகப் பதிந்து வைத்தவர் அவர்தான். பதில் குரல் செய்தியாக வந்தது. பின்னால் ஏதோ பண்டகசாலையில் வண்டி பின்னுக்கு எடுக்கும் சத்தம்.

"பிள்ளை, அதை நான் எங்கையும் டவுன்லோட் பண்ணேல்லை. டவுணுக்குள்ள ஒரு கொமினிக்கேசன் கடையில, கலியாணக் காட் அடிக்கிற பெடியனிட்ட, பென்டிரைவில வாங்கியந்தனான். அதோட ஒரு வைரசும் வந்தது. இன்னும் அதுவோ ஓடுது? கடவுளே."

சேர்வரிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்தாள். வைரஸ் இல்லை என்று பார்த்தாள். கொள்கலனுக்குள் அதை வைக்கும் வரியை எழுதினாள். அட்டையில் பேணாட் என்று வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். செனுரிக்கு எழுத வேண்டியிருந்ததால் எழுதினாள்: பாமினி என்றால் என்ன, அரைப்புள்ளி எதற்கு, காற்புள்ளி எதற்கு, அந்த நிரலை ஏன் ஓடவிடக் கூடாது. எழுதி முடித்தபோது, இதையெல்லாம் ஒருவர் நெடுக ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருப்பதே பழுதுதான் என்று தெரிந்தது. ஆகவே பழைய பெயர்கள் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றும் நிரலையும் எழுதத் தொடங்கினாள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முதல், கொம்பு பிறகு. அந்த இடத்தில் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தது. கோணேஸ்வரி என்ற ஒரு பெயர் இரண்டு நாள் பிழையாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு சரிவந்தது. சங்கம் சங்கமாகப் போட்டுப் பார்த்தாள். புதிதாகத் தட்டப்படும் பாமினியையும் உள்ளே வரும்போதே மாற்றிவிடும்படி செய்தாள். குலசிங்கம் இனி ஒற்றை விரலால் என்ன தட்டினாலும் பிரச்சினையில்லை. இந்த வேலை முடிந்ததும் உலகத்தில் எவருக்கும் பாமினி தெரிய வேண்டியதில்லை, ஓர்ஸ் ஹில்லில் எவரும் இருக்க வேண்டியதுமில்லை என்பது அவளுக்கு ஒவ்வொரு வரி எழுதும்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

ஸாஜித் தன்னுடைய கணினியில் புதிய கோப்புகளை இறக்கி ஓடவிட்டான். கொஞ்ச நேரம் மாற்றங்களை வாசித்தான்.

"அக்கா," என்றான், "நீங்க ஒங்கட கதிரையையே பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிட்டீங்க."

"வடிவா ஓடுதா?"

"ஓடுது. ஒரு பிழையுமில்ல." அவன் திரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் கதைக்கவில்லை. பின்னேரம் கீழே போய் வந்தபோது அவளுக்கும் ஒரு பிளேன்ரீ வாங்கி வந்து மேசையில் வைத்தான்.

ஆனந்தராசா அதை எல்லாம் கொழும்புக்கு அனுப்புமுன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அனுப்பலாமா என்று கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று இருவருக்கும் தெரியும். அனுப்பலாம் சேர் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், அனுப்பினார்.

வீட்டில் றிக்சன் அன்று வேலையில்லாமல் இருந்தான். அவள் சொன்னதும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

"ஏன் திருத்தினனீர்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். குலசிங்கத்தையும் எண்ணெய் மானியத்தையும் சொல்லலாம் என்று நினைத்தாள். அது பொய்யாகாது. ஆனால் அதற்காகத்தான் என்றும் சொல்ல முடியவில்லை.

"தெரியேல்லை," என்றாள். "கைக்குள்ள கிடந்தது. செய்துபோட்டன்."

றிக்சன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய முகத்தில் எதையோ தேடினான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அங்கே இருந்தால் அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள்.

"சரி," என்றான். "அண்ணனுக்கு மெசேஜ் போடுறன்."

நவம்பர் கடைசிக் கிழமை விடாத மழை. கிண்ணியாப் பக்கம் வெள்ளம் என்று ஸாஜித் இரண்டு நாள் வரவில்லை. செனுரியின் கடைசி மின்னஞ்சல் அந்த மழைக்குள் வந்தது. புதிய மடிக்கணினி ஒன்றில், வேறு எதுவும் நிறுவாமல், ஒரே கட்டளையில் எல்லாம் எழும்பியது, அட்டைகள் சரி, பெயர்கள் சரி, தெரியாத ஒன்றை விளங்கப்படுத்தியதற்கு மிக்க நன்றி, நன்றி. உள்ளூரில் ஒருவரின் உதவி தேவைப்படும் பகுதிகள் என்ற தலைப்பின் கீழ், எதுவுமில்லை என்று எழுதியிருந்தாள்.

மாத முடிவில் ஆனந்தராசா அலுவலகத் திறப்பைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்தார். டிசெம்பர் இரண்டாம் கிழமை றிக்சன் கட்டுநாயக்காவிலிருந்து தோஹாவுக்குப் போனான். தினுஷா தை மாதம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் முன்பதிவுகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள்.